குடும்பத்தோடு ஒகேனக்கல்: பரிசலும் தூண்டிலும் மீன் குழம்பும்

பிலிகுண்டுலு என்ற ஊர்ப் பெயரை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகக் காட்டுக்குள்ளிருந்து வரும் காவிரி தமிழ்நாட்டு எல்லைக்கு வரும் இடம் அது. மத்திய நீர்வள ஆணையம் அங்கேதான் தண்ணீரை அளக்கிறது. காலைப் பேப்பரில் "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு 8,000 கன அடி" என்று ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அப்படியானால் 8,000 கன அடி என்றால் ஒவ்வொரு விநாடியும் இரண்டேகால் லட்சம் லிட்டர் தண்ணீர் நம்மைத் தாண்டிப் போகிறது. உங்கள் பயணம் நடக்குமா நடக்காதா என்று தீர்மானிப்பது அந்த ஒரு எண்தான். ரூம், வண்டி, லீவு எல்லாம் அதற்குப் பிறகு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். திருமணமான புதிதில் ஆடி மாதம் மாமியார், நாத்தனார், அவர் பிள்ளைகள் என்று ஒன்பது பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். துறையில் பரிசல்கள் அத்தனையும் கவிழ்த்துப் போட்டிருந்தன. ஆறு செம்மண் நிறத்தில் பாறைகளை மூடிக்கொண்டு ஓடியது. குளிக்கவும் தடை, பரிசலுக்கும் தடை. சின்னப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிச் சமாதானம் செய்வது? மீன் வறுவல் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தோம். முந்தின நாள் பேப்பரைப் புரட்டியிருந்தால் போதும், அந்தப் பிள்ளைகள் அழுதிருக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு முறையாவது போய் வருகிறோம். முதல் முறை போகிறவர்களுக்காக, நாங்கள் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

எப்போது போவது

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை குடும்பத்துக்கு ஏற்ற காலம். வெயில் சுடாது, தண்ணீரும் ஓரளவு நிதானமாக இருக்கும். மார்ச்சிலிருந்து மே வரை தண்ணீர் குறைவு. பரிசல் ஓடும், அருவி மெலிந்துபோயிருக்கும், பாறை கால் வைக்க முடியாமல் கொதிக்கும். பள்ளி விடுமுறை என்பதால் கூட்டமும் அப்போதுதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகிலும் வயநாட்டிலும் மழை. கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பினால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். அது ஒன்றிரண்டு நாளில் ஒகேனக்கல்லுக்கு வந்துவிடும். அதாவது நம் தலைக்கு மேலே வானம் பளிச்சென்று இருக்கும்போதே வெள்ளம் வரலாம். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். "மழையே இல்லையே" என்று கிளம்பி வந்துவிடுகிறார்கள். 2024 ஜூலைக் கடைசியில் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த மாதம் 30ஆம் தேதி மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. அந்த நாட்களில் ஒகேனக்கல்லில் கரையில் நிற்கவே விடவில்லை. அதனால் இந்த மாதங்களில் போவதாக இருந்தால் கர்நாடக அணைச் செய்திகளையும் சேர்த்துப் படியுங்கள். அக்டோபர், நவம்பரில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். இங்கே வந்து சேரும் சின்னாறு உள்ளூர் மழையில் திடீரென்று பெருகும்.

என் கணக்கு இது: ஐந்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் பிள்ளைகளோடு நிம்மதியாகப் போகலாம். பத்தாயிரத்தை நெருங்கினால் பெரியவர்கள் மட்டும் பரிசல் ஏறுவோம். அதற்கு மேல் என்றால் வேறு வாரம் பார்த்துக்கொள்வோம். இது எங்கள் வீட்டு அளவு. பரிசலை நிறுத்துவதும் திறப்பதும் மாவட்ட நிர்வாகத்தின் முடிவு, எண் குறைவாக இருந்தாலும் தடை இருக்கக்கூடும். கிளம்பும் காலையில் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். தங்கும் விடுதிக்குப் போன் செய்தால் சொல்லிவிடுவார்கள்.

ஆடிப்பெருக்கு அன்று போக வேண்டாம் என்பது என் எண்ணம். தரிசனத்துக்கும் புனித நீராடலுக்கும் போகிறவர்கள் போகட்டும். பரிசலும் தூண்டிலும் அன்றைக்கு ஆகாது.

போகும் வழி

தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பென்னாகரம் வரை நல்ல சமவெளி, அதற்குப் பிறகு காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை. தருமபுரியிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் அரசு பஸ் உண்டு. பணம் எடுப்பது, மருந்து வாங்குவது, பெட்ரோல் போடுவது எல்லாவற்றையும் பென்னாகரத்திலேயே முடித்துவிடுங்கள். வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் பென்னாகரத்தில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

எட்டு எட்டரைக்கு அங்கே இருப்பது போல் கிளம்புங்கள். காலை வெயிலில் பரிசல், வெயில் ஏறும்போது சாப்பாடு, சாயங்காலம் தூண்டில். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பையில் என்ன வேண்டும்

உடுப்பைப் பற்றிப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. புடவையோடு பரிசல் ஏறாதீர்கள். நனைந்த புடவை காலைச் சுற்றினால் நீச்சல் தெரிந்தவருக்கும் கஷ்டம். என் மாமியாரை நைட்டிக்குக்கூட சம்மதிக்க வைக்க முடியவில்லை. கடைசியில் நாத்தனாரின் சுடிதாரைப் போட்டுக்கொண்டார், வீடு திரும்பும் வரை கழற்றவில்லை. ஜீன்ஸும் வேண்டாம், ஈரமானால் கல்லாகக் கனக்கும்.

செருப்புக்குப் பின்னால் வார் இருக்க வேண்டும். ரப்பர் செருப்பு பாசிப் பாறையில் வழுக்கிக்கொண்டு போய்விடும். மாற்றுத்துணி ஆளுக்கு ஒன்று, துண்டு, தொப்பி, போனுக்கு வாட்டர்ப்ரூஃப் உறை, குடிதண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட். காயத்துக்கு மருந்து, பேண்டேஜ், ஒரு சிறிய கட்டிங் பிளேயர். பிளேயர் எதற்கு என்று தூண்டில் பகுதியில் சொல்கிறேன்.

தின்பண்டங்களை ஜிப் போட்ட பைக்குள் வையுங்கள். அங்கே குரங்குகள் அதிகம். பாலிதீன் பை சரசரத்தால் போதும், பிள்ளையின் கையிலிருந்தே பிடுங்கிவிடும். பிடுங்கினால் விட்டுவிடச் சொல்லுங்கள், இழுபறி கூடாது.

முதலில் மீன், அப்புறம் பரிசல்

புதிதாகப் போகிறவர்கள் பரிசலை முடித்துவிட்டுப் பசியோடு மீன் தேடுவார்கள். சமைத்து வர ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும். பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடும். போனவுடன் மீனை வாங்கிச் சமைக்கக் கொடுத்துவிட்டுப் பரிசலுக்குப் போங்கள். திரும்பி வரும்போது சோறு வெந்திருக்கும்.

கடைகளில் கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, வாளை, கெளுத்தி, ஆரால் எல்லாம் கிடைக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழாமல் புடைத்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை மீண்டும் எழும்ப வேண்டும். எடை போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், சுத்தம் செய்வதற்கு முன் எடையா, பின் எடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல் முளைத்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய கட்லாவின் நடுத்துண்டு நல்லது, முள் பெரிதாக இருப்பதால் எடுத்துவிடலாம். வாளையில் குறுக்கு முள் குறைவு. சின்னக் கெண்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மீனை வாங்கிக்கொண்டு அங்கேயே அடுப்பு வைத்திருக்கும் அக்காக்களிடம் கொடுத்தால், கூலிக்குக் குழம்பும் வறுவலும் செய்து தருவார்கள். எண்ணெய், மசாலா, அரிசி யார் பொறுப்பு, மொத்தம் எவ்வளவு என்பதை முன்னாலேயே பேசிவிடுங்கள். "அக்கா, பிள்ளைங்களுக்குக் காரம் கம்மியா நாலு துண்டு தனியா போடுங்க" என்று சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் தருமபுரிக் காரம்தான் வரும்.

பரிசல் ஏறுவதற்கு முன்

மூங்கில் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி வட்டமாக வளைத்ததுதான் பரிசல். முன்பு மேலே தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் முழங்கால் ஆழத்திலும் மிதக்கும், பாறை உரசினாலும் வளைந்து கொடுக்கும். ஆனால் முன்பக்கம் பின்பக்கம் என்று அதற்குக் கிடையாது. உட்கார்ந்திருப்பவர்களின் எடை சமமாக இருந்தால்தான் அது நேராக நிற்கும். நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பரிசல் பாடம் இவ்வளவுதான்.

கட்டணத்தை அரசு கவுன்டரில் கட்டிச் சீட்டு வாங்குங்கள். சீட்டில் எத்தனை பேர் என்று இருக்கிறதோ அதற்கு மேல் ஒரு குழந்தையைக்கூட மடியில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். வழியில் மடக்கி, "சீட்டு வேண்டாம், நான் வேற இடத்துல கூட்டிட்டுப் போறேன்" என்று கூப்பிடுகிறவர்களோடு போகவே போகாதீர்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல், அனுமதியில்லாத இடத்தில், அளவுக்கு மேல் ஆளை ஏற்றிப் போகும் சவாரிதான் ஆபத்து.

லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் போதாது. எல்லாக் கொக்கிகளையும் போட்டு வாரை இறுக்குங்கள். பிறகு பிள்ளையின் இரண்டு தோள்பட்டையிலும் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது, தண்ணீரில் கழன்றுவிடும். வேறு கேளுங்கள். சின்ன அளவு இல்லை என்றால் பிள்ளையை ஏற்றாதீர்கள். ஒருவர் கரையில் பிள்ளையோடு இருங்கள், மற்றவர் போய் வரட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு வருஷம் அப்படித்தான் செய்தோம். பிள்ளை பெரிதானதும் வரத்தான் போகிறது, ஆறு எங்கேயும் போகாது.

நீச்சல் தெரிந்தவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும். குளத்தில் கற்ற நீச்சல் சுழலில் உதவாது.

ஏறும்போது ஒருவர் பின் ஒருவராக, பரிசலின் நடுவில் காலை வைத்து உடனே உட்காருங்கள். விளிம்பை மிதிக்காதீர்கள். கனமானவர்கள் எதிரெதிராக, பிள்ளைகள் பெரியவர்களுக்கு நடுவில். உட்கார்ந்த பிறகு யாரும் எழக்கூடாது. படம் எடுக்க எல்லோரும் ஒரு பக்கம் சாய்வதுதான் பரிசலைக் கவிழ்க்கும். கூடவே பரிசல்காரரிடம் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, சுத்த வேணாம். அம்மாவுக்குத் தலை சுத்தும்." சொல்லாவிட்டால் மகிழ்ச்சிக்காகப் பரிசலைப் பம்பரமாகச் சுழற்றிக் காட்டுவார்கள். இளசுகளுக்குப் பிடிக்கும், வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. கர்ப்பிணிகள் பரிசலே ஏற வேண்டாம் என்பேன்.

ஆற்றின் அளவைப் பொறுத்து எந்தத் துறையில் ஏற்றுவார்கள், எதுவரை கூட்டிப்போவார்கள் என்பது மாறும். சில நாட்களில் பாதி வழியில் இறங்கிப் பாறை மேல் நடக்க வேண்டியிருக்கும். அப்போது பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு முன்னால் போவார். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பெரிய ஆமை இரண்டு காலில் நடப்பது போல இருக்கும். என் மகள் அதைப் பார்ப்பதற்காகவே மறுபடி போகலாம் என்பாள்.

பாறைகளுக்கு நடுவே போகும்போது இரண்டு பக்கமும் செங்குத்தாக உயர்ந்திருக்கும் கல்லைக் கவனியுங்கள். கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறை இங்கே உண்டு என்று புவியியல்காரர்கள் சொல்வார்கள். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் கல். அருவி விழும் இடத்தில் எழும் நீர்த்தூளைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரிந்துவிடும். அந்தத் தூள் முகத்தில் படும்போது பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அந்த முகத்தைப் பார்ப்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பது

ஒரு வயதான பரிசல்காரர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இது. கரையில் உட்காரும் போதெல்லாம் செய்கிறோம். தண்ணீர் தொடும் இடத்தில், பாறை மேல், ஒரு கூழாங்கல்லை வைத்துவிட வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். கல்லின் அடி நனைந்திருந்தால் தண்ணீர் ஏறுகிறது, மேலே போய்விட வேண்டும். "கண்ணுக்கு ஓடுற தண்ணி தெரியும்மா, ஏறுற தண்ணி தெரியாது. கல்லுதான் சொல்லும்" என்றார். எங்கள் வீட்டில் கல்லைப் பார்க்கும் வேலை மகளுடையது. அவளுக்கு அது பெருமை, எங்களுக்கு நிம்மதி.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. தெளிந்த தண்ணீர் கலங்கிச் சிவக்கும். நுரையும் காய்ந்த சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கும். இவற்றில் எதைப் பார்த்தாலும் சாமானைக் கூட எடுக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுங்கள்.

குளிப்பது, குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும். ஆற்றில் ஆங்காங்கே மடு உண்டு. முட்டி அளவுத் தண்ணீரிலிருந்து ஒரே அடியில் ஆளை விழுங்கும் ஆழம். முதலையும் காவிரியில் உண்டு, அதற்காகத்தான் வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையமே அங்கு இருக்கிறது. மது குடித்தவர் யாராக இருந்தாலும், அது சொந்தத் தம்பியாகவே இருந்தாலும், தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

தூண்டில் போடுவது

சாப்பிட்டு, நிழலில் படுத்து எழுந்த பிறகு, நான்கு மணிக்கு மேல் தூண்டிலுக்கு நேரம். காலையிலும் மாலையிலும்தான் மீன் கரைக்கு வந்து மேயும், உச்சி வெயிலில் ஆழத்துக்குப் போய்விடும்.

எங்கே போடுவது என்பதில் கவனம் தேவை. சுற்றியுள்ள காடுகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள். முதலாவது 2014இல், இரண்டாவது 2022இல் அறிவிக்கப்பட்டது. சரணாலய எல்லைக்குள் அனுமதியில்லாமல் நுழையவோ தூண்டில் போடவோ கூடாது. ஊர்ப்பக்கக் கரையாக இருந்தாலும் வனத்துறையினரிடமோ மீன்வளத் துறையினரிடமோ கேட்டுவிட்டு, அவர்கள் சரி என்ற இடத்தில் மட்டும் போடுங்கள். பரிசல் சவாரியின் போது தூண்டில் வேண்டவே வேண்டாம், ஆட்டத்தில் முள் யார் கண்ணில் போய் மாட்டும் என்று சொல்ல முடியாது.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் நாகமரைப் பக்கம் போகலாம். பென்னாகரத்திலிருந்து ஏரியூர் வழியாகப் போனால் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரை. அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. தண்ணீர் நன்றாக இறங்கிய வருஷங்களில் அணைக்குள் மூழ்கிப்போன ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். நீரோட்டம் இல்லாத தேங்கு நீர் என்பதால், முதல் முறை தூண்டில் பிடிக்கும் பிள்ளைக்கு ஆற்றைவிட இது எளிது. இங்கே வலை வீசுவது உரிமம் வாங்கிய மீனவர்களின் பிழைப்பு. அவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் வலைக்கு எட்டாத தூரத்தில் உட்காருங்கள். எங்களுக்கு நல்ல இடம் காட்டியதெல்லாம் அவர்கள்தான்.

சாமான் அதிகம் வேண்டியதில்லை. பிள்ளையின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு மூங்கில் குச்சி, குச்சி அளவுக்கே மெல்லிய நைலான் நரம்பு, ஒரு தக்கை, பட்டாணி அளவு ஈயக்குண்டு, சின்னத் தூண்டில் முள் நாலைந்து. ரீல் வைத்த தூண்டிலைப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்காதீர்கள். வீசத் தெரியாமல் பின்னால் நிற்பவரைக் கொக்கி போட்டுவிடுவார்கள்.

முள்ளைக் கட்டுவது இப்படி: நரம்பின் நுனியை முள்ளின் கண்ணுக்குள் விட்டு ஒரு சாண் இழுத்துக்கொள்ளுங்கள். அந்த நுனியைத் தாய் நரம்பின் மேல் ஐந்து சுற்று முறுக்குங்கள். கண்ணை ஒட்டி ஒரு சின்ன வளையம் தெரியும். நுனியை அதற்குள் விடுங்கள். அப்போது பெரிதாக இன்னொரு வளையம் உண்டாகும், அதற்குள்ளும் விடுங்கள். எச்சில் தொட்டு மெதுவாக இழுத்து இறுக்குங்கள். காய்ந்தபடி இழுத்தால் நரம்பு சூடாகி அந்த இடத்திலேயே அறுந்துவிடும். என் அப்பா ஏரிக்கரையில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முடிச்சு இது. நாக்கில் நரம்பின் உப்புச் சுவை இன்றும் நினைவிருக்கிறது.

இப்போது பிளேயர். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் பார்த்து ஒரு சின்னக் காது இருக்கும். குத்தினால் வெளியே வராமல் பிடிப்பது அதுதான். பிளேயரால் அதை நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். மீன் ஒன்றிரண்டு நழுவும், பரவாயில்லை. பிள்ளையின் விரலில் ஏறினால் அலுங்காமல் உருவிவிடலாம். நசுக்காத முள் ஏறிவிட்டால் இழுக்காதீர்கள், நரம்பை அறுத்துவிட்டு அப்படியே பென்னாகரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

இரைக்கு மண்புழு முதல் தரம். வாழைமரத்தடியில் தோண்டி, ஈர மண்ணோடு ஒரு டப்பாவில் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு எடுத்துவாருங்கள். புழுவைத் தொட அருவருப்பவர்கள் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, கடலைப் பிண்ணாக்குத் தூளும் ஒரு துளிப் பஞ்சும் சேர்த்துக்கொள்ளலாம். பஞ்சு இருந்தால் மாவு தண்ணீரில் கரையாமல் முள்ளில் நிற்கும்.

இரை ஒரு முழம், ஒன்றரை முழம் ஆழத்தில் தொங்கும்படி தக்கையை நகர்த்திவைத்துப் போட்டுவிட்டு, பேசாமல் உட்கார வேண்டும். தக்கை முதலில் துடிக்கும். அது மீன் ருசி பார்ப்பது. பிள்ளைகள் உடனே இழுத்துவிடுவார்கள், ஒன்றும் வராது. துடித்த தக்கை முழுதாக முங்கும் வரை, அல்லது ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும் வரை பொறுத்திருந்து, மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். என் மகள் ஏழு வயதில், ஐந்து முறை ஏமாந்து ஆறாம் முறை அந்தச் சுண்டலைச் சரியாகச் சுண்டினாள். உள்ளங்கை அளவு ஜிலேபி. கரையில் அது துள்ளியபோது இவளும் அதோடு சேர்ந்து துள்ளினாள். அதன் வாயைத் திறந்து பார்த்தோம், உள்ளே கடுகு போலக் குஞ்சுகள். ஜிலேபியில் தாய் மீன் முட்டையையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்து வளர்க்கும். அதை அவளே தண்ணீரில் விட்டாள்.

பொதுவாக ஜிலேபியை வீட்டுக்கு எடுத்துப்போவதில் எனக்குத் தயக்கம் இல்லை. 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இனம், நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. முதுகுச் செட்டையின் முள் குத்தும், தலையிலிருந்து வாலை நோக்கித் தடவி முள்ளை மடக்கிப் பிடியுங்கள். கெளுத்தி மாட்டினால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள். குத்தினால் கடுப்பு மணிக்கணக்கில் இருக்கும். மீனை ஈரத் துணியால் மூடிப் பிடித்துப் பெரியவர்களே தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் முக்கி வைத்தால் கடுப்பு அடங்கும்.

பெரிய செதிலும் தங்க நிறமுமாக, முதுகு திமில் போல உயர்ந்த மீன் ஒன்று எப்போதாவது வரலாம். அது மஹசீர். 1946இல் கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ இருந்தது. உலகில் காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் அந்தத் திமில் மஹசீர் இனம் 2018இல் அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. குஞ்சாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள் வைத்தபடியே முள்ளை எடுத்து, தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி மெல்லப் பிடித்திருந்தால், மூச்சு வாங்கிக்கொண்டு அதுவே உதறிப் போய்விடும். காய்ந்த கையால் பிடித்தால் அதன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து நோய் வந்துவிடும்.

கிளம்பும்போது

அறுந்த நரம்பைக் கரையில் விடாதீர்கள். நீர்நாய் காலிலும் கொக்கின் அலகிலும் சுற்றிக்கொண்டு அவை பட்டினியால் சாகும். நாங்கள் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் நரம்புத் துண்டுகளைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு வருவோம், மற்றவர்கள் விட்டுப்போனதையும் சேர்த்து. முள்களை எண்ணிப் பாருங்கள். நாலு எடுத்துப்போனால் நாலும் டப்பாவுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று உட்காரும் சீட்டில் இருக்கும்.

இருட்டுவதற்கு முன் மலைப்பாதையைத் தாண்டிவிடுங்கள். ஐந்தரை மணிக்கு வண்டி நகர்ந்திருக்க வேண்டும், ஒரு மீன் கூடுதலாகக் கிடைக்கும் என்ற ஆசையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்தப் பாதையில் யானை குறுக்கிடுவது உண்டு. முன்னால் யானை நின்றால் தள்ளியே வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், கண்ணாடியை ஏற்றிவிட்டு, யாரும் இறங்காமல் காத்திருங்கள். அது ரோட்டைக் கடந்து, கூடவே குட்டி இருந்தால் குட்டியும் கடந்து, மூங்கில் ஒடியும் சத்தம் உள்ளே தூரமாகப் போன பிறகு எடுக்கலாம்.